கொம்பு ஊத இரண்டே பேர்: உன்ஸ்புன்னன் மலைநாட்டு விழாவின் கதை

பேர்ண் மாநிலத்தில் எங்கே போனாலும் ஒரு படம் எமது கண்ணில் படும். வங்கி தரும் நாட்காட்டியில், சொக்கிளேற் பெட்டியில், பல்வைத்தியரின் காத்திருப்பு அறைச் சுவரில் அது இருக்கும். பின்னால் பனிமலை, முன்னால் பசும்புல். நடுவிலே பூவேலை செய்த சட்டை அணிந்த ஒருவர், தன்னைப்போல் இரண்டு மடங்கு நீளமான மரக்கொம்பொன்றை நிலத்தில் ஊன்றி ஊதிக்கொண்டிருப்பார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாம் இதை ஒரு பெட்டிப் படமாகத்தான் பார்க்கிறோம். "இது இவையளின்ரை பழங்காலத்துப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

அந்தப் பழங்காலம் எவ்வளவு பழையது, அந்தக் கொம்பு நாட்காட்டிக்குள் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தால், எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் நின்று கேட்கவேண்டிய கதை ஒன்று கிடைக்கிறது. அந்தக் கதை நடந்த இடமும் தூரமில்லை. பேர்ண் நிலையத்தில் றெயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் இன்ரலாக்கன். அங்கிருந்து அடுத்த தரிப்பிடம் வில்டர்ஸ்வில் என்ற கிராமம். கிராமத்தின் ஓரத்தில், காடு தொடங்குகிற இடத்தில், இடிந்த கோட்டை ஒன்று நிற்கிறது. அதன் பெயர் உன்ஸ்புன்னன். கோட்டைக்குக் கீழேயுள்ள புல்வெளியில் 1805ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி நடந்த விழாதான், இன்று சுவிஸ் மலைநாட்டு இசைக்கும் கைத்தொழிலுக்கும் எடுக்கப்படுகிற பல விழாக்களுக்கு முன்னோடி.

அன்றைய அரசியலைச் சொல்லாமல் இந்த விழாவை விளங்கிக்கொள்ள முடியாது. பல நூற்றாண்டுகளாகப் பேர்ண் நகரத்துப் பெருங்குடிகள் சிலர் சுற்றியுள்ள நாட்டுப்புறம் முழுவதையும் ஆண்டு வந்தார்கள். மலைப்பக்கத்து மக்கள், அதாவது ஓபர்லாண்ட் என்னும் மேட்டுநிலத்தார், வரி கட்டுகிறவர்களாகவும் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர்களாகவும் இருந்தார்கள். 1798இல் பிரெஞ்சுப் படைகள் வந்து அந்த ஆட்சியைக் கவிழ்த்தபோது, ஓபர்லாண்ட் பேர்ணிலிருந்து பிரிந்து, துண் நகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாநிலமானது. ஐந்தே ஆண்டுகள்தான். 1803இல் நெப்போலியன் சுவிஸுக்கு ஒரு புதிய அரசியலமைப்பைக் கொடுத்தபோது, ஓபர்லாண்டை மீண்டும் பேர்ணோடு சேர்த்துவிட்டான். கைக்கு எட்டிய தனி மாநிலம் இல்லாமல் போனது. மலையிலே மனக்கசப்பு, நகரத்திலே அச்சம்.

இந்த நிலையில்தான் பேர்ண் மாநிலத்தின் தலைவராக இருந்த நிக்லவுஸ் பிறீட்றிக் ஃபொன் முலினன் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. மலை மக்களையும் நகர மக்களையும் ஒரே புல்வெளிக்குக் கூப்பிட்டு, மலையாரின் விளையாட்டுகளுக்கும் பாட்டுக்கும் பரிசு கொடுத்தால் என்ன? பேர்ணைச் சேர்ந்த சிக்மண்ட் வாக்னர் என்ற கலை ஆர்வலரும், ஃபிறன்ஸ் நிக்லவுஸ் கூனிக் என்ற ஓவியரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். விழாச் செய்தியை அச்சடித்து வெளிநாடுகளுக்கும் அறிவித்தார்கள்.

உன்ஸ்புன்னனைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை இருக்கிறது. கோட்டைப் பிரபு புர்க்கார்ட்டின் ஒரே மகள் ஈடாவை, பேர்ண் நகரை நிறுவிய பேர்க்டோல்ட் கோமகன் பக்கத்து இளம் வீரன் ஒருவன் இரவோடிரவாகக் கொண்டுபோய்விடுகிறான். அதன்பின் வருடக்கணக்காகப் பகை. கடைசியில் கோமகன் ஆயுதமில்லாமல் கோட்டைக்கு வருகிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் வருகிறான். அது ஈடாவின் பிள்ளை. பேரப்பிள்ளையைக் கண்டதும் கிழவரின் கோபம் கரைந்துபோகிறது. அந்த நாளை விளையாட்டுகளோடு கொண்டாடவேண்டும் என்று அவர் சொன்னதாகக் கதை முடிகிறது. எங்கள் ஊர்களில் ஓடிப்போய்க் கலியாணம் செய்தவர்களின் வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நகரமும் மலையும் சமாதானமாகவேண்டும் என்று விரும்பியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

விழா நடந்தது. ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. மல்யுத்தம், கல்லெறிதல், பாட்டு என்று எல்லாம் இருந்தன. விழாவுக்கென அடித்த பதக்கத்தில் 'அல்ப்ஹோர்னின் பெருமைக்காக' என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அல்ப்ஹோர்ன் என்பதுதான் நாட்காட்டியில் நாம் பார்க்கும் அந்த நீண்ட கொம்பு. ஆனால் யாருடைய பெருமைக்காக விழா எடுத்தார்களோ, அந்தக் கொம்பை ஊதும் போட்டிக்கு வந்து நின்றவர்கள் இரண்டே பேர்.

ஆம், இரண்டே பேர். இன்றைக்கு உலகம் முழுவதும் சுவிஸ் என்றவுடன் நினைவுக்கு வருகிற வாத்தியம், 1805இல் அழிந்துபோகிற நிலையில் இருந்தது. மலை மேய்ப்பர்களே அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாடு இழந்த இரண்டு விருந்தாளிகள்

மூன்று வருடம் கழித்து, 1808இல் இரண்டாவது விழா. அதற்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகளில் இரண்டு பெண்களை எமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் எலிசபெத் விஜே லு பிறன். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் உருவத்தைப் பலமுறை வரைந்த ஓவியர். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது, சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு ஒக்ரோபர் மாத இரவொன்றில் பாரிசைவிட்டு ஓடியவர். இத்தாலி, வியன்னா, ரஷ்யா என்று ஊர் ஊராகப் படம் வரைந்து பிழைத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து 1802இல்தான் திரும்பப் பாரிசுக்குப் போக முடிந்தது. மற்றவர் எழுத்தாளர் மடாம் டு ஸ்டால். நெப்போலியனை விமர்சித்தமைக்காக 1803இல் பாரிசிலிருந்து துரத்தப்பட்டு, ஜெனீவா ஏரிக்கரையில் கொப்பே என்ற ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தவர்.

இந்த இருவரும் உன்ஸ்புன்னன் புல்வெளியில் இருந்து அந்த விழாவைப் பார்த்தார்கள். முதலாமவர் அதைப் பெரிய தைலவண்ணப் படமாக வரைந்தார். அந்தப் படம் இன்று பேர்ண் நகரக் கலைக்கூடமான குன்ஸ்ற்மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய இடம் அது. இரண்டாமவர், ஜேர்மன் நாட்டைப் பற்றித் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலில் இந்த விழாவுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். 1810இல் அந்த நூல் அச்சாகி வெளிவரும் முன்னே நெப்போலியனின் பொலிஸ் பிரதிகளை அழித்துவிட்டது. பின்னர் 1813இல் இலண்டனில்தான் அது வெளியானது. மலைநாட்டு மேய்ப்பரின் பாட்டு ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டதில், சொந்த நாட்டில் இருக்க முடியாத ஒரு பெண்ணின் தடைசெய்யப்பட்ட புத்தகத்துக்கும் பங்கு உண்டு. அகதியின் கண்ணுக்கு மற்றவர்களின் ஊர் ஏன் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதை நாம் ஒருவருக்கொருவர் விளக்கத் தேவையில்லை.

விழாவால் சமாதானம் வந்ததா? வரவில்லை. 1814இல் நெப்போலியனின் ஆதிக்கம் சரிந்து பேர்ணின் பழைய பிரபுக்கள் மீண்டும் தலைநிமிர்ந்தபோது, ஓபர்லாண்டில் கிளர்ச்சி எழுந்தது. அதைப் பேர்ண் படை அனுப்பி அடக்கியது. ஒன்றாகக் கூடிப் பாட்டுக் கேட்ட மக்கள் எதிர் எதிரே நின்றார்கள். 1808க்குப் பிறகு, 97 ஆண்டுகள் உன்ஸ்புன்னனில் விழாவே நடக்கவில்லை. ஒரு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினால் மக்கள் தம் உரிமையை மறந்துவிடுவார்கள் என்று நம்புகிற ஆட்சியாளர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த முலினன் என்ற மனிதரை ஒரு காரியத்துக்காக நான் மதிக்கிறேன். போட்டிக்கு இரண்டு பேர் மட்டும் வந்ததை அவர் மறக்கவில்லை. பதக்கம் அடித்ததோடு நில்லாமல், பின்னாளில் அல்ப்ஹோர்ன்களைச் செய்வித்தார். 1826இலும் 1827இலும் கிறின்டல்வால்டில் இளைஞர்களுக்கு ஊதக் கற்றுக்கொடுக்க ஒருவரை அனுப்பினார். அவர் பெயர் ஃபெர்டினன்ட் ஹூபர். செங்காலன் ஊர்க்காரர். பேர்ணுக்குப் பக்கத்தில் முன்சன்புக்சேயை அடுத்த ஹோப்வில் பாடசாலையில் சங்கீத ஆசிரியராக இருந்தவர். கொம்பையும் கொடுத்து, ஆசிரியரையும் கொடுத்த பிறகுதான் ஊதுகிறவர்கள் மெல்ல மெல்லக் கூடினார்கள். சில காலம் அவர்கள் அருவிக் கரையிலும் மலைப்பாதையிலும் நின்று, உல்லாசப் பயணிகளிடம் சில்லறைக்காக ஊதினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அதை இழிவாக எழுதியவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். சில்லறைக்காக ஊதியவர் கையிலும் கொம்பு இருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

துளையில்லாத வாத்தியம்

எங்களுக்கு நாதஸ்வரம் தெரியும், புல்லாங்குழல் தெரியும். இரண்டிலும் துளையை மூடித் திறந்து சுரம் பிடிக்கிறோம். அல்ப்ஹோர்னில் ஒரு துளையும் இல்லை, திறப்பும் இல்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான். எமது கோயில்களில் முன்பு ஊதிய கொம்பு, எக்காளம் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். மரம் ஸ்புறூஸ் என்னும் ஊசியிலை மரம். சரிவான நிலத்தில் பனி அழுத்தி வளர்ந்த மரத்தின் அடி இயற்கையாகவே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் கொம்பின் வாய். மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதியையும் உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டி, பிரம்பு சுற்றிக் கட்டுவார்கள்.

இதிலே எமது சங்கீதம் தெரிந்தவர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. துளை இல்லாதபடியால், இயற்கை கொடுக்கிற சுரங்கள் மட்டும்தான் கொம்பில் வரும். அவற்றுள் பதினோராவது சுரம் பியானோவில் எந்தக் கட்டையிலும் கிடைக்காது. இங்கே அதற்கு 'அல்ப்ஹோர்ன் ஃபா' என்று பெயர். சட்சத்தை வைத்துப் பார்த்தால் அது சுத்த மத்திமமும் அல்ல, பிரதி மத்திமமும் அல்ல. இரண்டுக்கும் நட்டநடுவே நிற்கிறது. பியானோ படித்த காதுக்கு அது அபசுரமாகக் கேட்கும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அப்படிக் கேட்காது. அடுத்த முறை யாராவது ஊதும்போது பிள்ளைகளோடு நின்று அந்த மத்திமத்தைத் தேடிப் பாருங்கள்.

யோடல் பாட்டும் அப்படித்தான். சொல் இல்லாமல், நெஞ்சுக் குரலிலிருந்து தலைக்குரலுக்குச் சட்டென்று தாவித் தாவிப் பாடுவது. எமது வீட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பழிப்புக் காட்டுவார்கள். மட்டக்களப்பில் பெண்கள் போடும் குரவையையும் கேட்டிராத ஒருவர் முதன்முறை கேட்டால் திடுக்கிடத்தான் செய்வார். மலைக்கு மலை கூப்பிடவும், மாட்டை அழைக்கவும் பிறந்த குரல் அது. எங்கள் மலையகத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களை வேலைக்கு அழைத்தார்கள். அதே தப்புத்தான் காமன் கூத்துக்கும் முழங்கியது. வேலைக்குக் கூப்பிட்ட ஓசை கலையாக மாறுவது எந்த மலையிலும் நடக்கிறது.

யோடல் பாடகர்களை நாடளாவிய சங்கமாக ஒன்றுசேர்த்ததும் பேர்ணில்தான். 1910இல் எமென்ரால் பக்கத்து ஒஸ்கார் ஃபிறீட்றிக் ஷ்மால்ஸ் என்பவரின் முயற்சியால் அந்தச் சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பயணிகளுக்காக மேடையில் பாடிய மலிவுப் பாட்டுகளைக் கண்டு அவர்களுக்கு ஆற்றாமை. தமது பாட்டைத் தாமே திருத்தமாகக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று கூடினார்கள். அவர்களது முதலாவது தேசிய விழா 1924இல் பாசலில் நடந்தது. பாரம்பரிய உடைகளுக்கான சங்கம் 1926இல் வந்தது. ஆக, நாம் 'ஆதிகாலத்தது' என்று நினைப்பதில் பெரும்பகுதி, கைநழுவிப் போனதை மூன்று நான்கு தலைமுறைக்கு முன் சிலர் பிடிவாதமாகத் திரும்ப எடுத்து ஒழுங்குபடுத்தியது.

இன்னொன்று. கிராமியப் பாட்டுக்கு இவர்கள் வாசிக்கும் சிறிய கைத்துருத்தி வாத்தியமான ஷ்விற்சர் ஊர்கெலியின் மூலமும் பேர்ண் மாநிலத்து லாங்னவ் ஊர்தான். 1836இல் அங்கே அத்தகைய வாத்தியம் செய்யத் தொடங்கினார்கள். அது வியன்னாவிலிருந்து வந்த புதுக் கருவியைப் பார்த்துச் செய்தது. எங்கள் வயலினைப் போல. வெளியிலிருந்து வந்தது என்று யாரும் இன்று நினைப்பதில்லை.

திருட்டுப்போன கல்

முதல் விழாவின் நூற்றாண்டையொட்டி 1905இல் உன்ஸ்புன்னன் விழா மீண்டும் பிறந்தது. பின்னர் உலகப் போர் முடிந்த மறுவருடம் 1946இல், அதன்பின் 1955, 1968, 1981, 1993 என்று நடந்தது. 1993இல் விழா நடந்தபோது எம்மவரில் பலர் இந்த மாநிலத்து முகாம்களில் பதில் கடிதத்துக்காகக் காத்திருந்த காலம். 2005இல் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு எல்லாம் தயார். ஓகஸ்ட் மாதத்தில் பெருமழை கொட்டி வெள்ளம் வந்தது. பேர்ணில் ஆரே ஆறு மத்தே பகுதி வீடுகளுக்குள் புகுந்தது இதே வெள்ளத்தில்தான். விழாவை ஒருவருடம் தள்ளிவைத்து 2006இல் நடத்தினார்கள். அதற்கடுத்தது 2017இல். சுமார் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதால், நல்லூர்த் திருவிழா போல வருடாவருடம் எதிர்பார்க்க முடியாது.

விழாவின் மையம் ஒரு கல். எடை 83.5 கிலோ. ஒன்றரை மூட்டை அரிசியைவிடக் கூட. அதைத் தலைக்கு மேல் தூக்கி, சில அடி ஓடி, முன்னே எறியவேண்டும். நான்கு மீட்டரை எட்டுகிறவர் பெரிய பலசாலி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் தம்பி என்று சொல்லலாம். 1805இல் எறிந்த கல் எங்கோ தொலைந்துபோக, 1905இல் புதிதாக ஒன்று எடுத்து இரண்டு ஆண்டுகளையும் அதில் பொறித்தார்கள்.

1984 ஜூன் மாதத்தில் அந்தக் கல்லை, இன்ரலாக்கனை அடுத்த உண்டர்சேன் அரும்பொருளகத்திலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லை எடுத்தவர்கள் 'பெலியே' என்ற யூரா இளைஞர் அமைப்பினர். பெலியே என்றால் செம்மறிக் கடா. பிரெஞ்சு பேசும் யூரா பிரதேசத்தை 1815இல் வல்லரசுகள் பேர்ணுக்குக் கொடுத்துவிட்டன. நீண்ட போராட்டத்துக்கும் பல வாக்கெடுப்புகளுக்கும் பின், அதன் வடபகுதி 1979இல் தனி மாநிலமானது. தென்பகுதி பேர்ணோடு நின்றுவிட்டது. மீதியையும் கேட்பவர்கள் பேர்ணின் பெருமையான கல்லைப் பணயமாக எடுத்துக்கொண்டார்கள். பதினேழு வருடம் கழித்து, 2001இல் யூராவின் குதிரைச் சந்தை விழா ஒன்றில் கல் திடீரென்று தோன்றியது. அதன்மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திரங்கள் செதுக்கப்பட்டிருந்தன! நான்கு வருடம் போகவில்லை. 2005 ஓகஸ்டில், விழாவுக்கென இன்ரலாக்கன் விடுதி ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்தபோது மறுபடியும் காணாமல் போனது. போட்டிகளில் எறிவது அதன் மாதிரிக் கல்.

1805இல் அரசியல் சமாதானத்துக்காகத் தொடங்கிய விழாவின் கல், 179 வருடம் கழித்தும் அரசியலை விட்டு நகரவில்லை. யூராவுக்கு நெருங்கிய மூத்தியே என்ற நகரம் 2021இல் வாக்களித்துப் பேர்ணை விட்டுப் பிரிய முடிவு செய்தது. கல் எங்கே கிடக்கிறதோ.

மரம், பால், கைவேலை

விழாவில் கைத்தொழிலுக்கும் இடம் உண்டு. மரம் செதுக்குதல், கூடை முடைதல், லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கின் நூல்வலைப் பின்னல் எல்லாம். இவற்றுள் பிறியன்ஸ் ஊரின் மரச் செதுக்கலின் பிறப்பைக் கேட்டால் எமக்கு நெருக்கமாகத் தோன்றும். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைத்தூசி வானத்தை மறைத்து, 1816இல் இங்கே கோடையே வரவில்லை. பயிர் அழிந்து பஞ்சம். அந்தக் காலத்தில் கிறிஸ்ரியான் பிஷர் என்ற கடைசல்காரர், சாதாரண மரப் பாத்திரங்களில் பூவும் இலையும் செதுக்கி உல்லாசப் பயணிகளுக்கு விற்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து ஊரே பழகியது. 1884இல் அங்கே செதுக்கல் பாடசாலை ஒன்று வந்தது, இன்றும் இயங்குகிறது. பசியிலே பிறந்த தொழில் அது. கடையில் நாம் பார்க்கும் மரக் கரடிக்குப் பின்னால் அரிசிப்பானை, அவர்கள் கணக்கில் உருளைக்கிழங்குப் பானை, இருக்கிறது.

பிறியன்சுக்கு மேலே பாலன்பெர்க் என்ற திறந்தவெளி அரும்பொருளகம் 1978இல் திறக்கப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்த நூற்றுக்கு மேற்பட்ட பழைய வீடுகள் அங்கே நிற்கின்றன. புகை படிந்த அடுப்படிகளைப் பார்த்தால் எமது அம்மம்மாவின் குசினி நினைவு வரும். ஆனால் அந்த வீடுகளின் அழகில் மயங்கி நின்றுவிடக்கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பண்ணை வீடுகளில் கூலியில்லா வேலைக்கு விட்ட கொடுமை இந்த நாட்டில் 20ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. பேர்ண் மாநிலத்திலும் ஏராளம். 2013 ஏப்ரலில் அரசின் சார்பில் அமைச்சர் சிமொனெற்றா சொமாறுகா பேர்ணில் வைத்து அவர்களிடம் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். பாட்டும் பூவேலைச் சட்டையும் மட்டும் மலைநாடு அல்ல.

பேர்ணிலிருந்தும் அகதிகள் போயிருக்கிறார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? மறுஞானஸ்நானக்காரர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பேர்ண் அரசு நூற்றாண்டுகளாகச் சிறையிட்டும் நாடுகடத்தியும் துன்புறுத்தியது. அவர்களின் வழிவந்தோர் சிலர் 1852இல் யூரா மலையிலிருந்து அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்குப் போய் ஓர் ஊரை அமைத்தார்கள். வைத்த பெயர் பேர்ண்! அந்த ஊரில் வருடந்தோறும் ஜூலையில் சுவிஸ் நாட்கள் என்று விழா எடுக்கிறார்கள். அந்தப் பிரதேசத்தில் வாழும் ஆமிஷ் குடும்பங்கள் இன்னும் வீட்டில் பேர்ண் வட்டாரப் பேச்சு வழக்கில் பேசுகின்றன, யோடல் பாடுகின்றன. தலைமுறைகள் எத்தனை கடந்தும், கடலுக்கு அப்பால். அவர்களுக்கு மாநில அரசின் பதக்கமோ சங்கமோ இருக்கவில்லை. அடுப்படியிலும் தொழுவத்திலும் பாடினார்கள், பிள்ளைகள் கேட்டார்கள்.

எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பேர்ணில் எமது பிள்ளைகள் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் பரதமும் படிக்கிறார்கள், அரங்கேற்றங்களுக்கு மண்டபம் நிறைகிறது. நல்லது. ஆனால் கூத்து மத்தளம்? உடுக்கு? வடமோடி, தென்மோடி ஆட்டத்தின் தாளக்கட்டு? அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஊரிலே ஆடியவர்கள், இந்த மாநிலத்து உணவகங்களில் கோப்பை கழுவியே ஓய்வுபெற்று, அடுத்த வீட்டில் இருக்கக்கூடும். பனையோலையில் நீத்துப்பெட்டியும் சுளகும் இழைக்கத் தெரிந்த அம்மாமாரும் அப்படியே. அவர்களை ஆண்டுவிழா மேடையில் ஏற்றிக் கௌரவிப்பதற்கு நாம் பின்நிற்பதில்லை. அவர்களிடம் நாலு பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் கொண்டுபோய் விடுவதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. கிறின்டல்வால்டில் 1826இல் நடந்தது அவ்வளவுதான்: சில கொம்பு, ஓர் ஆசிரியர், சில இளைஞர்.

இனி, போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விபரம். உன்ஸ்புன்னன் பெருவிழாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. செப்டெம்பரில் மாடுகள் மலையிலிருந்து தலையில் பூச்சூடி இறங்கும் நாட்கள் ஓபர்லாண்டில் பல ஊர்களில் உண்டு. துண் ஏரிக்கு மேலே யுஸ்ரிஸ்தாலில் அதே மாதத்தில் 'கேஸ்தைலெற்' நடக்கும். கோடை முழுவதும் கூட்டாகச் செய்த பாற்கட்டிகளை, யாருடைய மாடு எவ்வளவு பால் கறந்தது என்ற கணக்கின்படி அடுக்கி, பங்கு பிரிப்பார்கள். சூடு அடித்து நெல் பங்கு பிரித்த களம் நினைவிருக்கிறவர்கள் தவறவிடக்கூடாத காட்சி. ஊர் ஊராக நடக்கும் ஷ்விங்கன் மல்யுத்தத்தையும் பாருங்கள். மரத்தூள் பரப்பிய வட்டத்தில் வென்றவர், தோற்றவரின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தன் கையால் தட்டிவிடுவார். அது இவர்களின் விதி.

பாலன்பெர்க் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் இறுதிவரை திறந்திருக்கும். உன்ஸ்புன்னன் கோட்டைக்கு வில்டர்ஸ்வில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பல கெமைண்டேகளில் சலுகை விலையில் றெயில் நாட்சீட்டு விற்கிறார்கள், முன்கூட்டியே கேட்டு எடுத்தால் மலிவு. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கோட்டைச் சுவரோரம் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட நல்ல நிழல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மழைச்சட்டை மறக்கவேண்டாம், யுங்பிறவ் மலைப்பக்கம் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே மழை இறங்கிவிடும்.